எருமையின் மூக்கு

இன்று தயிர்ச்சட்டியைத் திறந்ததும் வந்த புளிப்பு வாசனையில், மட்டக்களப்புத் துறையடிச் சந்தியில் நின்ற சீமெந்து எருமை நினைவுக்கு வந்தது. வவுணதீவிலிருந்து தோணியில் வரும் தயிர்க்காரிகள் முதல் விரல் தயிரை அதன் மூக்கில் தடவிவிட்டுத்தான் விற்கத் தொடங்குவார்கள்; பள்ளிக்கூடம் போகும் நாங்கள் அந்த மூக்கைத் தொட்டு விரலை நக்கிக்கொண்டே போவோம். யுத்த காலத்தில், பட்டாள லொறிகள் திரும்ப இடம் போதாதென்று பட்டாளத்தார் அந்த எருமையை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் தயிர்க்காரிகள் தலைச்சுமையை இறக்காமல் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. கடைசியில் அவர்களில் மூத்தவள், பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்ற என்னைக் கூப்பிட்டாள்.

"மகள், இஞ்ச வா. ஆடாம நில்லு."

என் மூக்கில் தயிரைத் தடவிவிட்டு வியாபாரத்தைத் தொடங்கினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து தடவினார்கள்.

பள்ளிக்கூடம் விடும்வரை நான் மூக்கைத் துடைக்கவில்லை.