குளவிக் கூட்டுக்குள் கேட்டது

பேய், சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயிரியல் எடுப்பவள் வேறு. அதனால் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது, நீங்கள் நம்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் நடந்தது இதுதான்.

அப்போது திருவனந்தபுரத்தில், கரமனை அக்கிரகாரத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத் தங்கிய பிள்ளை, படுக்கையை விட்டு அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு போட்டுவிட்டுப் பகல் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பேன். மதில் மேல் செம்போத்து எப்போது வரும், எந்த எறும்பு எந்த விரிசலுக்குள் போகும் என்பதெல்லாம் அத்துப்படி.

அப்படிக் கிடந்தபோதுதான் அந்தக் குளவி வந்தது. ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையில், விரல் நீளத்துக்கு ஒரு மண்கூடு கட்டியது. ஈரமண்ணை வைத்து அழுத்தும்போதெல்லாம் ஒரு ரீங்காரம் போடும். பக்கத்துப் போர்ஷனில் இருந்த வீட்டுச் சொந்தக்காரி பர்வதம் மாமி, எனக்கு ரசம் கொண்டு வந்தவர், அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏண்டி கொழந்தே, அதைக் கலைச்சுடாதே கேட்டியா. பிள்ளை வரப்போற ஆத்துலதான் குளவி கூடு கட்டும். செம்மண்ணுல கட்டியிருக்காக்கும், அப்போ பொண்ணுதான், ஒறப்பு."

"திருவனந்தபுரத்துல எங்க தோண்டினாலும் செம்மண்தானே மாமி" என்றேன். மாமி முறைத்துவிட்டுப் போனார்.

குளவி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் திணிக்கும், முட்டையிடும், வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, ஒருநாள் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். இந்தக் குளவியும் சிலந்திகளை இழுத்து வந்ததைப் படுத்தபடியே பார்த்தேன். கூட்டை அடைத்துவிட்டுப் போனது, அப்புறம் வரவில்லை.

சாயங்காலமானால் வயிற்றில் கை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு ஒரு மெட்டு முனகுவேன். வார்த்தை எதுவும் கிடையாது, நானாகக் கட்டிக்கொண்டது. மெல்ல ஏறி, ஓரிடத்தில் வளைந்து, இறங்கும். முனகினால் உள்ளே ஓர் அசைவு தெரியும். அந்த நாட்களில் எனக்கிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

ஐப்பசி மழை ஊற்றிய ஒரு சாயங்காலம். கரண்ட் இல்லை. இவர் அடுக்களையில் எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று என்னவோ சோர்வு, வாயே திறக்கவில்லை. அப்போது ஒரு ரீங்காரம் கேட்டது. குளவி திரும்பி வந்துவிட்டதோ என்று பார்த்தேன், எங்கும் இல்லை. சத்தம் அந்த அடைத்த கூட்டுக்குள்ளிருந்து வந்தது. புழு சத்தம் போடாது, அதுவும் எனக்குத் தெரியும். கேட்கக் கேட்க அந்த ரீங்காரம் ஏறியது, வளைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் மெட்டு. என்னையறியாமல் நானே முனகுகிறேனோ என்று வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். நிற்கவில்லை. ஆனால் இறங்க வேண்டிய இடம் வந்ததும், இறங்காமல் அப்படியே அறுந்து போனது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

இவரிடம் சொல்லவில்லை. படுத்தே கிடந்து மூளை குழம்பிவிட்டது என்பார் என்று பயம். அதற்குப் பிறகு வயிற்றில் அசைவே இல்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத் துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். பெண் குழந்தை.

வீடு திரும்பியபோது கூடு அடைத்தது அடைத்தபடியே இருந்தது. எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் இவர் கத்தியால் பெயர்த்து ஒரு பேப்பரில் போட்டு உடைத்தார். உள்ளே புழு இல்லை, சிலந்தி இல்லை, ஒரு கால்கூட இல்லை. கழுவி வைத்த மாதிரி இருந்தது. மாமி அந்த மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்.

பிறகு வீடு மாறினோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. போன மாதம், மழைக்காக ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது இவராகப் பேச்செடுத்தார்.

"கோமு, ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு மழையில நீ பிள்ளைக்கு முனகிட்டு இருந்தல்லா, நான் அடுக்களையில நின்னு கேட்டுட்டே இருந்தேன். போறதுக்கு முன்னால அம்மா பாட்டைக் கேட்டுட்டுத்தான் போச்சுன்னு நெனச்சுக்கிடுவேன். எனக்கு அது ஒரு ஆறுதல்."

அந்த மழையில், அந்தச் சின்ன மண்கூட்டின் சத்தம் அடுக்களை வரைக்கும் எப்படிப் போனது?

"ஆனா அன்னைக்கு மட்டும் உன் கொரலு ஏன் அப்படி இருந்துச்சு?" என்றார். "சின்னப் பிள்ளை பாடுத மாதிரி."

தொண்டை கட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.