வேலை என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்

எங்கள் ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்க விளம்பரம் தேவைப்பட்டதே இல்லை. தையல் லைனில் ஒரு மெஷின் காலியானால் சூப்பர்வைசர் எங்களிடம் சொல்வார், நாங்கள் தெருவில் சொல்வோம். அழைத்து வருகிறவள் இரண்டு பக்கமும் பொறுப்பு. கம்பெனியில் "நல்ல பொண்ணு சார், லீவு போடாது" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் "நான் கூட இருக்கேன், பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு வேனில் போகும் எங்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். அழைக்கிறவளிடம் சம்பளம் கேட்கலாம், வேன் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம். வேலை நிஜமாகவே இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மூஞ்சியில் அடித்த மாதிரி.

நானும் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் எனக்கு முன்னால் இருந்த மெஷினில் உட்கார்ந்து தைத்தவள் ஒருத்தி. திடீரென்று வேலையை விட்டுப் போனாள். ஆறு மாதம் கழித்து வேன் நிற்கும் இடத்துக்கு என்னைத் தேடி வந்தாள். "வேலூர்ல புது கம்பெனிக்கா. பேக்கிங், செக்கிங் ரெண்டுக்கும் பொம்பள ஆளுங்க கேக்குறாங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. ஆதார் ஜெராக்ஸ், போட்டோ எடுத்துக்கச் சொல்லு."

கம்பெனி பேர் என்ன என்றேன். "வந்தா தெரிஞ்சிடும்க்கா" என்று சிரித்தாள். லைனில் பன்னிரண்டு பேர் சாப்பாட்டை நடுவில் வைத்துப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிறவள். காலையில் எங்கள் வேன் போகும்போது தினமும் வாசலில் நின்று பார்ப்பாள். வெளியே போய் வேலை செய்ய வேண்டும் என்பது அவளுக்கு எத்தனையோ வருட ஆசை. தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்யும் அவள் புருஷன் விடவே மாட்டான். நான் மூன்று முறை போய்ப் பேசினேன். கடைசியில், "நீ சொல்றியேன்னு அனுப்புறேன்க்கா. ஏதாச்சும் பேஜார் ஆச்சுன்னா இதோட சரி, இனிமே வேலைன்ற பேச்சே எடுக்கக் கூடாது" என்றான். நான்தான் கூட இருக்கிறேனே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். இஸ்திரி போட்ட புடவை. எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தாள். குடியாத்தம் தாண்டியதும் மெதுவாக, "கணக்கு கேப்பாங்களாக்கா?" என்று கேட்டாள்.

போன இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. கம்பெனியும் இல்லை, மெஷினும் இல்லை. போனை அணைக்கச் சொன்னார்கள். பாட்டுப் போட்டார்கள், எல்லாரையும் எழுந்து நின்று கை தட்டச் சொன்னார்கள். வேலூர் வெயிலில் கோட்டு போட்ட ஒருவர் பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒருத்தர் மூன்று பேரைச் சேர்த்தால் போதும் என்றார். மேஜை மேல் சத்து மாவு டப்பாவும் சோப்பும் அடுக்கியிருந்தது. உங்களை அழைத்து வந்தவருக்கும் இதில் வருமானம் உண்டு என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்னும் புரியவில்லை. கையைத் தூக்கி, "சார், வேல எத்தன மணிக்கு ஆரம்பிக்கும்? வேன் பேரணாம்பட்டுக்கு வருமா?" என்றாள்.

மண்டபமே சிரித்தது. "பாருங்க, அக்கா இன்னும் வேனுக்குக் காத்துட்டு இருக்காங்க! அக்கா, நீங்களே கார் வாங்கப் போறீங்க!" என்றார் கோட்டுக்காரர். மறுபடியும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் என் முன் மெஷின்காரியின் கையும் இருந்தது. அங்கேயே அவளை நாலு அறை அறைந்திருக்க வேண்டும்.

அதற்கு முன்பே ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தவர்கள் பத்துப் பேரின் பெயரும் நம்பரும். அதை வேலை விண்ணப்பம் என்று நினைத்து பக்கத்து வீட்டுக்காரி, புருஷனின் அண்ணனான மூத்தார், நாத்தனார், தாய்மாமன் என்று சொந்தத்தில் பெரியவர்களாகப் பார்த்து முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் சேரும்போது தெரிந்தவர்கள் பெயர் கேட்பார்கள் என்று முந்தின நாள் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் பழைய தோழி வழி மறித்தாள்.

"வேலைன்னு ஏன்டி பொய் சொன்ன?"

"உண்மையச் சொன்னா நீ வந்திருப்பியாக்கா? மொதல்ல எதையும் சொல்லக் கூடாது, ஹாலுக்குக் கொண்டாந்துடணும். அப்படித்தான் எங்களுக்கு கிளாஸ் எடுத்திருக்காங்க."

கூச்சமே இல்லாமல் சொன்னாள். அவளையும் யாரோ இப்படித்தான் அழைத்து வந்திருப்பார்கள், தெரியும். அதற்காக என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை. ஏமாற்றுவதற்கு வகுப்பு வைத்து, அதற்குக் கோட்டும் மைக்கும் வேறு! சந்தையில் ஜேப்படிக்காரன் மாட்டினால் கட்டி வைத்து உதைக்கிறோம். இவர்களுக்கு மண்டபம் வாடகைக்குக் கொடுக்கிறோம்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் அந்தப் பத்துப் பேரில் ஆறு பேருக்கு போன் போய்விட்டது. 'உங்க வீட்டுப் பொண்ணு பிசினஸ் ஆரம்பிச்சிருக்காங்க, நீங்களும் வாங்க' என்று. மூத்தார் நேரில் வந்து வாசலில் நின்று கத்தினார். மறுநாள் காலையில் வேன் வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் லைனில் நிஜமாகவே ஒரு இடம் காலியானது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி அவளுக்காகப் பிடித்து வைத்தேன். மானம் ரோஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்பெனி பேர், சம்பளம், எந்த மெஷின், பக்கத்தில் உட்காருகிறவள் யார் என்று கேட்காததெல்லாம் சொன்னேன். வேண்டுமானால் நாளைக்கு நீயே வந்து கம்பெனி கேட்டில் விசாரித்துக்கொள் என்று அவள் புருஷனிடம் சொன்னேன். அவன், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, அவளக் கேளு" என்றான்.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அவள் பக்கம் திரும்பினேன். அவள் சுற்றிக்கொண்டிருந்த பீடியை நூல் கட்டி முறத்தில் வைத்தாள். கோபம் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என்னச் சேத்துவிட்டா உனக்கு இன்னா கெடைக்கும்க்கா?"