நாலு பேருக்கான டென்ட்

கழக்கூட்டம் ஊரில் ஒரே ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தோழிகள் மூவரும் நானும் மலையேறப் போகத் திட்டமிட்டோம். முதுகில் சுமக்க எடை குறைந்த டென்ட் தேவைப்பட்டது. அவர்களில் மலையாளியான பிந்து ஆன்லைனில் ஒன்றைக் காட்டினாள். நாலு பேருக்கானதாம், ஒரு தர்பூசணி கனம்கூட இல்லையாம்.

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டென்ட்டுக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்த நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடப் படுக்கவில்லை.

"உனக்கு எல்லாத்திலயும் சம்சயம்தான். ஆர்டர் போடு" என்றாள் பிந்து.

நான் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூவரையும் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். விளம்பரத்தில் இருந்த நீள அகலத்துக்கு வாசலில் கோலமாவால் கட்டம் போட்டு, எல்லோரும் படுத்துப் பார்த்தோம். மூன்று பேர் தோள் இடிக்கப் படுத்ததுமே கட்டம் நிறைந்துவிட்டது. பிந்து கோட்டுக்கு வெளியே கிடந்தாள்.

"அய்யோ, மழை பெய்தா நான் நனைஞ்சு போவேனல்லோ!"

எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, வாசல்ல படுத்துண்டு?"

"டென்ட் வாங்கறோம், மாமி" என்றேன்.

கடைசியில் இருவர் படுக்கும் டென்ட் இரண்டு வாங்கினோம், அதற்கும் கட்டம் போட்டுப் பார்த்த பிறகுதான். இப்போதெல்லாம் எந்த விளம்பரத்திலும் சிரிக்கிறவர்கள் படுத்திருக்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன். உட்கார்ந்திருந்தால் கோலமாவு டப்பாவை எடுத்துவிடுவேன்.