இருபத்தோராம் ஜோடி

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தம்பி குடையை விரித்துக்கொண்டுதான் நிற்பான். பெம்பான் சாலையோரத்தில், அம்மாவை ஏற்றிவரும் தொழிற்சாலை பஸ்ஸுக்காக. அம்மா இறங்கியதும் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்து வருவான். கூட இறங்கும் பெண்கள், "எங்களுக்கும் கொஞ்சம் பிடியேன்லா" என்று சீண்டுவார்கள். "அம்மாக்கு மட்டும்" என்பான், கறாராக. இருபது வயதிலும் அதே பதில்தான்.

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். போன வருஷம் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, எங்களை விட்டுப் போய்விட்டான். தொலைக்காட்சியோடு சேர்ந்து உரக்கப் பாடுவான். ஒரு வரிகூட ராகத்தில் நிற்காது. அந்தக் கத்தலுக்கு என் காது இப்போது ஏங்கிக் கிடக்கிறது.

நான் அலோர் காஜாவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. செல் பிரியும்போது நேரும் பிழைகள் என்று ஒரு பாடம் ஆண்டுதோறும் வரும். இத்தனை காலம் மளமளவென்று நடத்தியவளுக்கு இந்த ஆண்டு தலைப்பைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. என் தம்பியைப் பிழை என்று சொல்ல இந்தப் புத்தகம் யார் என்று கோபம் கோபமாக வந்தது.

அம்மாவின் பாடு இன்னும் மோசம். அவன் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. களைக்கொல்லிப் பம்பை முதுகில் சுமந்து, நாலாம் மாதம்வரை போயிருக்கிறார். பிள்ளை பார்க்க வந்த ஓர் உறவுக்காரி, "பம்பு தூக்குன வயித்துல வேற எப்படிப் பொறக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாவி, அந்த ஒரு பேச்சு போதாதா? எங்கள் வீட்டில் கொசு மருந்துகூட அடிக்கக் கூடாது. தம்பி போனபிறகு, தினமும் அவன் படத்துக்கு விளக்கேற்றி, "அம்மாவ மன்னிச்சிருய்யா" என்பார்.

சென்ற ஞாயிறு அம்மா பயத்தங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மன்னிப்பை இனியும் கேட்கப் பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, காய்களை இரண்டிரண்டாக அடுக்கினேன். கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம் ஜோடிகள் இப்படி எதிரெதிர்ப் பக்கம் பிரிய வேண்டும், மெல்லிய இழைகள் அவற்றைப் பற்றி இழுக்கும் என்றேன். எல்லாம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று செல் சற்று நின்று பார்க்கும். வயது ஏற ஏற அந்தக் கவனம் தளரும். அம்மாவுக்கு அப்போது நாற்பது. இருபத்தோராம் ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போயிருக்கும். அப்பாவிடமிருந்து வந்த ஒன்றும் சேர, மூன்றாகிவிட்டது. பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

"நீங்க முழுகாம ஆகுறதுக்கு முன்னாலயே அது நடந்து முடிஞ்சிருச்சும்மா. யார் மேலயும் தப்பு இல்ல."

அம்மா அந்த ஜோடிக் காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரியாப் பிரிஞ்சிருந்தா, இவன் நல்லாப் பொறந்திருப்பானா?"

"இவன் எப்படிம்மா? வேற ஒரு புள்ளதான் வந்திருக்கும்."

"வேறயா?" அம்மா வெடுக்கென்று நிமிர்ந்தார். "அப்ப அது பிரியவே வேணாம்லா. எனக்கு இவன்தான் வேணும்."

சொல்லிவிட்டு, அவன் போனதிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.