பட்டியலில் தெரிந்த வட்டு

ஒரே மாதிரி பதினாறு சுவிட்சுகள். ஒன்றை அமுக்கினால் கட்டடமே இருண்டுவிடும். எது என்று எழுதிவைக்க மாட்டோம் என்கிறார்கள். தப்பாக அமுக்கியவரையா நீங்கள் குற்றவாளி என்பீர்கள்? ஒரு மருத்துவமனை அப்படித்தான் சொன்னது.

அங்கே கணினி அறையில் ஒன்பது வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்தவரைப் ‘பூட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் “அதைப் பூட்டுங்க சார்” என்பார். அவர் பூட்டச் சொன்னது கதவை அல்ல, கணினியின் ஒரு வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை.

அந்த அறையில் ஒரு பெரிய கணினி. அதற்குள் மென்பொருளால் மட்டுமே ஆன முப்பது மெய்நிகர் கணினிகள். ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மருந்துக் கிடங்குக்கு ஒன்று என்று ஓடும். புதிதாக ஒன்றை உருவாக்கும்போது திரையில் வட்டுகளின் பட்டியல் வரும். எந்த வட்டைக் கொடுக்கிறோமோ அதைப் புதுக் கணினி துடைத்துத் தனதாக்கிக்கொள்ளும். பெரிய கணினியின் உயிர் இருக்கும் வட்டும் அதே பட்டியலில், அதே அளவில், ‘ஏ’, ‘பி’ என்பது போன்ற வெறும் எழுத்தடையாளத்தோடு நின்றது. கணினியை நிறுத்தித் தொடங்கினால் அந்த அடையாளமும் வேறு வட்டுக்கு மாறிவிடும்.

அந்த வட்டைப் பட்டியலிலிருந்தே மறைத்துப் பூட்டிவிடலாம், கணினியை அரை மணி நேரம் நிறுத்த அனுமதி போதும் என்று அதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினார்.

“இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆகலையேம்மா.”

“ஆனதுக்கப்புறம் எதைப் பூட்டுறது சார்?”

ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் ஆனது. முந்தின மாலை மின்சாரம் போய் வந்ததில் அடையாளங்கள் மாறியிருந்தன. புதுக் கணினி ஒன்றுக்கு வட்டு கொடுக்கும்போது பெரிய கணினியின் வட்டையே துடைத்தது பூட்டக்காவின் கைதான். காப்புப் பிரதி மூன்று நாள் பழையது; அதற்குப் பிந்தைய பரிசோதனை முடிவுகள் போய்விட்டன. இருநூறு பேர் மறுபடி ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். இரண்டு முழங்கையிலும் நீலம் பாரித்த ஒரு நோயாளியைப் பார்த்தபடி அவர் வராந்தாவில் வெகுநேரம் நின்றார்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினார். ‘கவனக்குறைவால் அழித்தேன்.’ கையெழுத்திட்டால் எச்சரிக்கையோடு வேலை நிலைக்கும்.

“நேரம் சரியில்லம்மா, என்ன பண்றது.”

“நேரம் சரியாத்தான் இருந்துச்சு சார். பதினொண்ணு பத்து. வட்டுதான் தப்பு.”

யோசிக்க ஒரு நாள் கேட்டார். வீட்டில் அவரும் அக்காவும்தான். இருவருக்கும் அந்த வேலைதான் பிடிமானம்.

“போட்டுத் தொலைடி. ஒரு வார்த்தைதானே?”

“அந்த வார்த்தையைப் போட்டா என் மேல தப்புன்னு ஃபைலை மூடிடுவாங்கக்கா. அந்த வட்டு அங்கேயே நிக்கும். அடுத்து இன்னொருத்தி கை.”

அக்கா அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு, “நல்ல பேனாவா எடுத்துட்டுப் போ” என்றார்.

மறுநாள் பூட்டக்கா ‘கவனக்குறைவால்’ என்பதை அடித்துவிட்டு, ‘பட்டியலில் தெரிந்ததால்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று கடிதங்களின் நகலையும் பின்னால் குத்தினார். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. ஆனால் அந்தத் தாள் மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் கேள்வி கேட்டது.

இரண்டு வாரம் கழித்துக் கூட வேலை பார்த்தவர் போன் செய்தார். “பூட்டக்கா, பூட்டிட்டாங்க!”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பன்னிரண்டு நிமிஷம்.”

பூட்டக்கா தன்னிடமிருந்த கடித நகலில் ‘அரை மணி நேரம்’ என்பதை அடித்துவிட்டு, ‘பன்னிரண்டு நிமிடம்’ என்று எழுதினார்.

உங்கள் அலுவலகத்திலும் அப்படியொரு பட்டியல் இருக்கும். தொடக்கூடாத வட்டு அதில் தெரிகிறதா என்று நாளைக்கே கேளுங்கள். தெரிந்தால், மறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.