குதிகாலைத் தேடிய ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க என் குதிகாலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காலில் அல்ல. காலில் அது பத்திரமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் 'இருக்கேன், இருக்கேன்' என்று கத்திக்கொண்டு! நான் தேடியது போனில். எலும்பு, மூட்டு, தசை என்று உடம்பில் உள்ள சகல சந்தேகங்களையும் தீர்த்துவைப்பதாக முகப்பிலேயே சத்தியம் செய்திருக்கும் ஒரு இணையதளத்தில்.

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கியது மாதிரி வலி. பத்தடி நடந்தால் கொஞ்சம் தேவலை. உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி ஆணி.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனால் டாக்டர் 'நடக்காதீங்க' என்று சொல்லிவிட்டால்? அதற்குத்தான் பயம். இணையதளம் அப்படியில்லை பாருங்கள்... பிடிக்காததைச் சொன்னால் மூடிவிட்டு வேறு பக்கம் போய்விடலாம்.

நான் நடந்தே ஆக வேண்டும். தைப்பூசத்துக்கு, திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு. அதுவும் வெறுங்காலோடு.

என் தங்கை செல்வியைப் பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன், மருந்து, முடி கொட்டியது, சாப்பிட்டது தங்காதது... எல்லாம் பார்த்தாயிற்று. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "இவளை எழுப்பி விட்டுரு முருகா, செருப்பில்லாம நடந்து வாரேன்" என்று சொன்னது நான். எழுப்பிவிட்டார். அவர் பங்கை முடித்துவிட்டார். மிச்சம் என் பங்கு.

ஆகவே இந்த மாதம் மாலை போட்டேன். அன்றைக்கே செருப்பைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டாயிற்று. எங்கள் குழுவின் குருசாமி (திண்டுக்கல் நாகல்நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்) இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். "செருப்புப் போட்டுட்டு வாரவுக யாத்திரை வரல, டூர் வாராக" என்பார். தினமும் சாயங்காலம் எங்களைப் பழக்கத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போகிறவரும் அவர்தான். கோயிலுக்குப் போய், கும்பிட்டு, திரும்பி... தார் ரோட்டில்.

மாலை போட்டதில் ஒரு உபரி லாபம் உண்டு. போட்ட நாள் முதல் என் வீட்டுக்காரர் என்னை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். கல்யாணமான காலத்தில் இருந்து கிடைக்காத மரியாதை. அனுபவிக்கிறேன், ஏன் மறைக்க வேண்டும்?

இணையதளத்துக்கு வருவோம்.

முதல் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். மொட்டைத்தலை, மூக்கு முழி இல்லை, கையை விரித்துக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்கிறார். 'எங்கே வலிக்கிறது? அங்கே தொடவும்.' தொடலாம். ஆனால் அவர் முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே... குதிகால் மனுஷனுக்குப் பின்பக்கம் அல்லவா இருக்கிறது? பாதத்தைத் தொட்டேன். முழங்கால் திறந்தது. இன்னும் கீழே தொட்டேன். கட்டைவிரல். பக்கவாட்டில் தொட்டேன். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தவணை வசதி உண்டு என்று ஒரு விளம்பரம் வந்து வணக்கம் சொன்னது.

"சாமி, என்ன சாமி பண்றீக?" — வீட்டுக்காரர்.

"குதிகாலைத் தேடுறேன்."

"கால்ல இல்லையா?"

மாலை போட்டிருக்கும்போது கெட்ட வார்த்தை பேசக் கூடாது.

மெனுவைத் திறந்தேன். மெனுவுக்குள் மெனு. 'விளையாட்டுக் காயங்கள்' என்று ஒன்று. பனிச்சறுக்கு, கோல்ஃப், டென்னிஸ், பாலே நடனம். யோசித்துப் பார்த்தேன். பக்கத்துச் சிறுமலையில் பனி உண்டு, சறுக்கித்தான் பழக்கமில்லை. 'அன்றாட வாழ்க்கை' என்று இன்னொன்று. அதில் சுழல் நாற்காலியில் உட்காருவது எப்படி என்று எட்டுப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தரையில் சம்மணம் போட்டுப் பூ கட்டுகிறவளுக்கு? அரிவாள்மணையில் குந்தி உட்கார்ந்து காய் நறுக்குகிறவளுக்கு? அப்படி ஒரு ஜாதி பூமியில் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

தமிழிலும் படிக்கலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆசையாக அழுத்தினேன். 'உங்கள் குதிகால் மென்மையாக உள்ளதா?' என்று கேட்டது. மென்மையா! பித்தவெடிப்பில் சேலை நூல் சிக்குகிற குதிகாலைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? மரியாதையாக ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டேன். அங்கே அது 'தொட்டால் வலிக்கிறதா?' என்று இருந்தது.

கடைசியில் ஒரு மூலையில் கிடைத்தது: 'உங்கள் குதிகால் வலிக்குக் காரணம் என்ன? சில கேள்விகளில் கண்டுபிடியுங்கள்.' அடடா! இதை முகப்பில் வைத்திருந்தால் குறைந்தா போய்விடும்? இல்லை, கால் வலியோடு வருகிறவர்கள் கொஞ்சம் நடந்து தேடட்டும் என்று எண்ணமா?

சமீபத்தில் காலணியை மாற்றினீர்களா?

இல்லை. சத்தியமாக இல்லை. செருப்புக் கடைப் பக்கம் போயே வெகுநாள் ஆகிறது.

புதிதாக உடற்பயிற்சி ஏதும் தொடங்கினீர்களா?

இல்லை. சாமி கும்பிடப் போவது எப்போது உடற்பயிற்சியில் சேர்ந்தது?

ஓட்டம், நடைப்போட்டி எதிலாவது கலந்துகொள்கிறீர்களா?

இல்லை. முருகனைப் பார்க்கப் போகிறோம், யாரை முந்துவதற்கு?

இப்படியே உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் பதில் சொல்லிக்கொண்டே போனேன். இணையதளம் கொஞ்ச நேரம் சுற்றியது. பாவம், யோசிக்கிறதாம். பிறகு ஒரு சிவப்புப் பட்டை. 'உங்கள் வலிக்கு வழக்கமான காரணங்கள் எதுவும் தென்படவில்லை. கீழ்க்கண்டவை இருக்க வாய்ப்புண்டு.'

எலும்பு விரிசல். நரம்பு அழுத்தம். வாதம்.

எலும்பில் கட்டி.

பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'அரிது' என்று போட்டிருந்தது. அதெல்லாம் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? செல்விக்கும் முதலில் 'பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது' என்றுதான் சொன்னார்கள். 'கட்டி' என்கிற அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்து உட்காரும், எவ்வளவு நாள் உட்காரும் என்று எனக்குத் தெரியும். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். கேலியெல்லாம் போய்விட்டது.

"இம்புட்டு நேரம் இதைப் பாத்ததுக்கு ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல சாமி? காலையில கிளம்புறீக. பேசக் கூடாது."

திங்கட்கிழமை காலை எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால்... ஒரே பச்சை! பச்சை வேட்டி, பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, நெற்றியில் விபூதி. பூசை நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றேன். பாதிப் பேர் ஒரு காலைத் தூக்கி மறு தொடையில் வைத்துக் குதிகாலை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூலையில், விரித்த பேப்பருக்குப் பின்னால் ஒருவர். பேப்பருக்குக் கீழே தெரிந்த வேட்டிக்கரை எனக்குத் தெரிந்த கரை.

"குருசாமி! என்ன சாமி இங்குட்டு?"

பேப்பர் மெதுவாக இறங்கியது. "அது... தெரிஞ்சவுகள பாக்க வந்தேன் சாமி."

"யாரு சாமி?"

அவர் யாரையாவது யோசித்து முடிப்பதற்குள் நர்ஸ் வந்து குரல் கொடுத்தார். "குதிகால் வலியெல்லாம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க!"

பாதி ஹால் எழுந்தது. குருசாமியும் எழுந்தார். நொண்டிக்கொண்டு.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அது வரும்வரை கேள்விகள். முதல் கேள்வியே, "சாமி, சமீபத்துல செருப்ப மாத்துனீங்களா?"

"இல்ல டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, குனிந்து என் காலைப் பார்த்தார். "இப்ப என்ன செருப்புப் போட்டிருக்கீங்க?"

"போடல. மாலை போட்டிருக்கேன்ல டாக்டர்?"

"மாலைக்கு முன்னாடி?"

"போட்டிருந்தேன்."

"அப்ப மாத்திருக்கீங்க சாமி."

அந்தத் தளத்தின் கேள்வியில் தப்பில்லை. என் பதிலிலும் பொய்யில்லை. நடுவில் நான் மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கச் செத்துப் பிழைத்திருக்கிறேன்! உலகத்துக்கே பொதுவாகக் கேள்வி கேட்பதில் இதுதான் சங்கடம். நாம் சொன்னதை அது அப்படியே நம்பிவிடுகிறது... குனிந்து காலைப் பார்ப்பதில்லை.

"டாக்டர், கட்டி கிட்டி எதுவும்..."

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு கட்டியும் இல்ல. உள்ளங்காலுக்குள்ள ஒரு ஜவ்வு ஓடுது, அது புண்ணாயிருக்கு. திடீர்னு வெறுங்காலோட அம்புட்டு தூரம் தார் ரோட்டுல நடந்தா அது என்ன பண்ணும்? பயிற்சி சொல்லித் தரச் சொல்றேன். தைப்பூசத்துக்கு நடங்க, மெல்ல நடங்க. ஆனா மெத்துன்னு எம்.சி.ஆர். செருப்புப் போட்டுத்தான். வெறுங்கால் கூடவே கூடாது."

கட்டி இல்லை என்றதும் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. செருப்புப் போட்டு நடப்பதாக நான் வேண்டிக்கொள்ளவில்லையே. செல்வி உயிரை நான் பேரம் பேசி வாங்கியது வெறுங்காலுக்கு. இப்போது போய் 'முருகா, டாக்டர் வேண்டாங்கிறார்' என்றால்? இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிற தங்கையை வைத்துக்கொண்டு நேர்த்திக்கடனில் கைவைக்க யாருக்குத் தைரியம் வரும்? அறிவு கெட்ட பயம் என்பீர்கள். இருக்கட்டும். ராத்திரி தூக்கம் கெட்டது எனக்குத்தானே!

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கீரனூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் செல்வி பஸ் ஏறி வந்து வாசலில் நிற்கிறாள். தலையில் புதுமுடி சுருட்டை சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"ஏனக்கா, நான் பொழைக்கோணும்னுதான வேண்டுன? உன் காலு போகோணும்னா வேண்டுன?" கீரனூர் போனதில் இருந்து அவள் தமிழும் கொங்குப் பக்கமாகிவிட்டது.

"வெறுங்காலோடன்னு சொல்லிட்டேன்டி."

"சொன்னா சொன்னதுதான். சத்திரப்பட்டியில வந்து நான் சேந்துக்கறேன். டாக்டரைக் கேட்டுப்போட்டேன், மெல்ல நடக்கலாம்னுட்டாரு. அங்கிருந்து பழனி வரைக்கும் நான் வெறுங்காலோட வாரேன். நீ செருப்ப மாட்டிக்கிட்டுப் பக்கத்துல வா."

"நீயா! உன் உடம்புக்கு..."

"போன வருஷம் கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு என்னைத் தோள்ல சாச்சுக் கூட்டிட்டுப் போனது ஆரு? நாலு எட்டு வெக்க முடியாதவள நடக்க வெச்சதே நீதான? அந்தக் காலு நடந்து வந்தா முருகனுக்கு ஆகாதாமா?"

அவளே பெட்டியைப் பிரித்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செருப்பு இரண்டையும் எடுத்து வைத்தாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. காலை நுழைத்துக்கொண்டேன்.

"அளுதது போதும் சாமி," என்றாள் செல்வி. "வலது எடது மாத்திப் போட்டிருக்கறே."