கடையில் மட்டும் சார்ஜ் ஏறிய வண்டி

என் தங்கைக்குப் பிடிவாதம் அதிகம். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்ல எனக்கு உரிமை உண்டு. பால் சூடா என்று கேட்டால்கூட அளந்து பார்த்துத்தான் பதில் சொல்வாள். பதினோரு வருடம் என் வீட்டுக்காரரின் பட்டறையில் சின்ன எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவள், போன வருடம் எதிர்த் தெருவில் தனியாகக் கடை போட்டாள். அன்றிலிருந்து இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் உடன்பிறப்பு. நடுவில் என் தலைதான் உருண்டது.

அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கை விளையாட்டு மைதானம். அங்கே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டி ஒன்று உண்டு. நான்கு நாள் ஓடினால் ஐந்தாம் நாள் செல்ஃப் எடுக்காது. பேட்டரியோ புதிது. தங்கை அதற்குச் சார்ஜ் ஏற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் தள்ளி, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தாள். பதினாலு வோல்ட். குறையே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, சார்ஜை அளவாக அனுப்பும் ரெகுலேட்டரை மாற்றி அனுப்பினாள். அடுத்த வாரமே கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எர்த் வயரைச் சுரண்டி இறுக்கி அனுப்பினாள். மறுபடியும் இழுத்து வந்தார்கள்.

மைதானத்து மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வேற இடம் பார்த்துக்குறோம்மா."

மைதானம் போனால் அவர்கள் சொல்லி வந்த நாலு பேரும் போவார்கள். அப்புறம் கடையைப் பூட்டிவிட்டு அத்தானிடமே வந்து நிற்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "அவ பழைய இடத்தைக் கூட்டி வைக்கவா?" என்றார்.

"முதல்ல உங்க வாயைக் கூட்டுங்க" என்றேன்.

கடைக்குப் போனேன். தங்கை ஸ்பேனரைக்கூடத் தொடாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இங்க நல்லாத்தான் இருக்கு. அங்க போனா செத்துடுது. வண்டியைப் பார்த்தது போதும். அங்க எப்படி ஓடுதுன்னு பார்க்கணும்."

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். ஓட்டுநர் தங்கமான மனிதர். தங்கை பேட்டரியில் மீட்டரை மாட்டிக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்தாள். நடந்தே கூடப் போகலாம், அவ்வளவு மெதுவாகப் போனது வண்டி. எஞ்சின் முனகியது. மீட்டர் பன்னிரண்டரை, பன்னிரண்டே கால் என்று இறங்கிக்கொண்டே வந்தது.

"அண்ணே, ஏன் ஆக்சிலேட்டரைப் பாதியிலயே வச்சிருக்கீங்க?"

அவர் வேலிக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்தைக் காட்டினார். "பிள்ளைங்க படிக்குதும்மா. சத்தம் வந்தா டீச்சர் பாடத்தை நிறுத்திடுறாங்க, பாவம்."

அந்த எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் பேட்டரிக்குப் போதுமான கரண்ட் தரும். மெதுவாக ஓடினால், பிளேடைச் சுழற்றும் மின்சார கிளட்ச் இருக்கிற சார்ஜையும் உறிஞ்சிவிடும். கடையில் அவள் முழு வேகத்தில் சோதித்தாள். இங்கே இவர் நல்ல மனசோடு பேட்டரியைப் பட்டினி போட்டார்.

"பள்ளிக்கூடம் விட்டதும் வெட்டுங்கண்ணே. முழு வேகத்துல வைங்க" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். நேரே மேலாளரிடம் போய், "ரெகுலேட்டர்ல கோளாறே இல்ல சார். நான்தான் அவசரப்பட்டு மாத்திட்டேன்" என்றாள். நான் கிள்ளியதை அவள் சட்டை செய்யவில்லை. அவர், "சரிம்மா, ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

ஒரு மாதமாயிற்று. வண்டி திரும்ப வரவில்லை, மேலாளர் அனுப்பிய இரண்டு புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் நான் கடைக்குள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாத. பட்டறையில ஒரு ஜெனரேட்டர் மூணு மாசமா பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாம உயிரை வாங்குது. கொஞ்சம் வந்து பாரேன்."

நான் துணியால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வர்றேன் அத்தான். அதை யார் ஓட்டுறாங்க, எங்க வச்சு ஓட்டுறாங்க, அதை முதல்ல சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.